பழைய புல்லட்டும் புதிய பாகங்களும்

இந்தியச் சாலைகளில் ஓடிய பழைய மோட்டார் சைக்கிள்களில், வீட்டு முற்றத்திலேயே பிரித்து மறுபடி பூட்டக்கூடியவை சிலதான். அவற்றில் முதலில் நிற்பது 350 சிசி காஸ்ட் அயர்ன் புல்லட். ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத் ஆகியவற்றுக்கும் ரசிகர்கள் உண்டு. ஆனால் அவற்றின் சில பாகங்களைத் தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். புல்லட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. கிக்கர் ரப்பரிலிருந்து கிராங்க் ஷாப்ட் வரை ஏறக்குறைய எல்லாமே இன்றும் புதிதாகக் கடையில் கிடைக்கின்றன. இந்த வசதியேதான் சிக்கலும். வாங்க முடிகிறதே என்று எல்லாவற்றையும் மாற்றினால், கடைசியில் மிஞ்சுவது பழைய நம்பர் பிளேட் மாட்டிய ஒரு புது வண்டி. அதுவும் பெரும்பாலும் பழையதைவிட மட்டமாக ஓடும் புது வண்டி. எந்தப் பாகத்தை மாற்றுவது, எதைக் கழுவித் துடைத்து அப்படியே பூட்டுவது என்று பிரித்தறிவதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது.

இவ்வளவு பாகங்கள் கிடைப்பதற்குக் காரணம் வண்டியின் வரலாறு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்பீல்டு நிறுவனம் 1932-லேயே புல்லட் என்ற பெயரைப் பயன்படுத்தத் தொடங்கியது. பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் சஸ்பென்ஷன் கொண்ட 350 சிசி புல்லட் 1949-ல் விற்பனைக்கு வந்தது. எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டி தேடிய இந்திய ராணுவம் அதைத் தேர்ந்தெடுத்து 800 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955-ல் ராயல் என்பீல்டு மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கைகோக்க, என்பீல்டு இந்தியா உருவானது. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டும் வேலை மட்டுமே இங்கே நடந்தது. பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்து சேர, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் முழு வண்டியும் தயாராயிற்று. ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டுத் தாய் நிறுவனமே மறைந்த பிறகும், திருவொற்றியூர் அதே இன்ஜினைச் சிறுசிறு மாற்றங்களுடன் 2000-களின் கடைசி வரை செய்துகொண்டிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே இன்ஜின் என்பதால், உதிரிபாகம் செய்பவர்களுக்கும் அது வற்றாத சந்தையாகிவிட்டது.

இன்ஜினின் அமைப்பு எளிமையானது. ஒற்றை சிலிண்டர். உள்விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 90 மி.மீ.; கணக்குப் போட்டால் 346 சிசி. சிலிண்டர் வார்ப்பிரும்பு, அதனால்தான் காஸ்ட் அயர்ன் என்ற பெயர். மேலே உள்ள ஹெட்டும் கீழே உள்ள கிராங்க்கேஸும் அலுமினியம். கியர்பாக்ஸ் தனிப் பெட்டியாக இன்ஜினுக்குப் பின்னால் போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கும். இன்ஜினைத் தொடாமலே கியர்பாக்ஸைத் திறந்து பார்க்கலாம் என்பது வீட்டில் வேலை செய்பவருக்குப் பெரிய சலுகை. நான்கு கியர். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கியர் பெடலுக்குப் பின்னால் உள்ள சின்ன நெம்புகோலை மிதித்தால் இரண்டு, மூன்று, நான்கு எந்தக் கியரிலிருந்தும் வண்டி நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும்.

அரை நூற்றாண்டில் மாறியவையும் உண்டு. 6 வோல்ட் மின்சாரம் 12 வோல்ட் ஆனது. கார்புரேட்டர், முன் பிரேக் டிரம், டேங்க் எழுத்து, மட்கார்டைத் தாங்கும் கம்பி, சைலன்சர் எல்லாம் காலத்துக்குக் காலம் வேறுபட்டன. பிற்காலத்தில் ஏ.வி.எல். இன்ஜினும், இடது காலில் ஐந்து கியரும், அதற்குப் பின் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே வார்ப்பாக அமைந்த யூனிட் இன்ஜினும் வந்தன. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் புல்லட்தான். கடைக்காரரிடம் ‘புல்லட்டுக்கு கிளட்ச் பிளேட்’ என்று மட்டும் கேட்டால், நாலில் எது வரும் என்று சொல்ல முடியாது. வண்டியின் ஆண்டும் இன்ஜின் வகையும் தெரியாமல் ஒரு நட்டுகூட வாங்கக் கூடாது.

முதலில் காகிதம்

ஸ்பானரை எடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகம். பிரேமின் கழுத்துப் பகுதியில் அடித்திருக்கும் சேஸிஸ் எண்ணும், கிராங்க்கேஸில் உள்ள இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பழைய வண்டிகளில் நடுவழியில் யாரோ இன்ஜினை மாற்றியிருப்பது சகஜம். அப்படி மாற்றியதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். செய்யாமல் விட்ட வண்டிக்கு எவ்வளவு செலவழித்தாலும் அது சாலைக்கு வர முடியாது. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

50 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. அவற்றின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, தன் அசல் வடிவத்திலேயே பராமரிக்கப்படும் வண்டி ‘வின்டேஜ்’ எனப் பதிவு பெறலாம். புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புது எண் வாங்குவோருக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் சேர்ந்த வரிசை. ஏற்கெனவே எண் உள்ள வண்டி அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இப்படிப் பதிவான வண்டியைத் தினசரி ஓட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. சேஸிஸ், இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் இந்தத் தகுதியே கிடைக்காது. ஆர்வத்தில் பிரேமை வெட்டி ஒட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

பிரித்தல்

பிரிப்பது ஒரு நாள் வேலை, பூட்டுவது ஒரு வருட வேலை என்று மெக்கானிக்குகள் சொல்வதில் மிகை அதிகமில்லை. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் செல்போனில் படம் எடுப்பதும், கழற்றிய நட்டு போல்ட்டுகளை இடம் எழுதிய தனித்தனிப் பையில் போடுவதும் சலிப்பான வேலைகள். இவற்றைத் தவிர்த்தவர்களின் வண்டிகள்தான் பல வீடுகளின் மாடிப்படிக்கு அடியில் சாக்குப்பையில் கிடக்கின்றன. ஒயர்கள் எந்தப் பக்கமாகச் சுற்றிப் போகின்றன, கிளட்ச் கேபிள் போர்க்குக்கு முன்னாலா பின்னாலா, எந்த வாஷர் எதற்கு உள்ளே இருந்தது என்பதெல்லாம் ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

பழைய புல்லட்டில் மரைகளும் பழையவை. வண்டி பிரிட்டனில் பிறந்ததால் அங்குல அளவிலான பிரிட்டிஷ் மரைகளே அடிப்படை. இந்தியத் தயாரிப்பு வளர வளர மெட்ரிக் மரைகளும் கலந்துவிட்டன. பிரிட்டிஷ் மரை போல்ட்டில் மெட்ரிக் நட்டு இரண்டு சுற்று இலகுவாக ஏறும், பிறகு இறுகும். அந்த இறுக்கத்தை நல்ல பிடிப்பு என்று நினைத்து ஸ்பானரால் திருகினால் மரை போய்விடும். அளவு சேராத ஸ்பானர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். ஆகவே பழைய நட்டு போல்ட்டுகள் துருப்பிடித்துத் தெரிந்தாலும் அவற்றை எறியக் கூடாது. கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடி துத்தநாக முலாம் பூசிக்கொண்டால் புதியதைவிட நன்றாகப் பொருந்தும். இறுகிப்போன நட்டுக்கு எண்ணெய் விட்டு ஓரிரு நாள் காத்திருப்பது, சுத்தியலைவிடப் பெரும்பாலும் வேகமான வழி.

இடது மரைகளையும் மறந்துவிடக் கூடாது. டைமிங் பக்கத்தில் ஆயில் பம்பை ஓட்டும் புழுப்பல் நட்டு அப்படிப்பட்டது. வழக்கமான திசையில் கழற்ற முயன்றால் அது மேலும் இறுகும். அதை உடைத்துவிட்டுப் புதியது தேடுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இன்ஜினின் உள்ளே

பல ஆண்டு நின்றுபோன புல்லட்டை வாங்கியவுடன் கிக்கரை மிதித்துப் பார்ப்பது இயல்பான ஆசை. அது கெடுதல். இந்த இன்ஜினுக்கான எண்ணெய் தனி டேங்கில் இல்லை. கிராங்க்கேஸின் பின்பகுதியிலேயே வார்க்கப்பட்ட அறையில் இருக்கிறது. வண்டி நீண்ட நாள் நின்றால், அந்த எண்ணெய் பம்பின் வழியே மெல்லக் கசிந்து, பிளைவீல் சுழலும் அடிப்பகுதியில் தேங்கிவிடும். அடியில் உள்ள வடிகால் போல்ட்டுகளைக் கழற்றித் தேங்கியதை எல்லாம் வெளியேற்றி, பிளக் துளை வழியே சிலிண்டரில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கையால் மெல்லச் சுழற்றிப் பார்ப்பதே முறை. அப்படியும் சுழலவில்லை என்றால் பிஸ்டன் துருவில் பிடித்திருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு பிரிக்காமல் வழியில்லை.

ஹெட்டையும் சிலிண்டரையும் தூக்கியதும் முதலில் சோதிக்க வேண்டியது கனெக்டிங் ராடின் அடிமுனை. காஸ்ட் அயர்ன் புல்லட்டில் அங்கே உருளை பேரிங் இல்லை. மென்மையான உலோகப் பூச்சுள்ள ‘புளோட்டிங் புஷ்’ ஒன்று, எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடி சுழலும். ராடைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் கொஞ்சம் ஆடுவது இயல்பு. மேலும் கீழும் இழுத்தால் ‘டக்’ என்று தட்டக் கூடாது. தட்டினால் கிராங்க்கைக் கழற்றி, அழுத்தியந்திரம் வைத்துள்ள பட்டறைக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு பிளைவீல்களையும் பிரித்து, புஷ்ஷை மாற்றி, மறுபடி அழுத்தி, டயல் கேஜ் வைத்து நேர் பார்க்கும் இந்த வேலை வீட்டு வேலையே அல்ல. புளோட்டிங் புஷ்ஷுக்குப் பதிலாக ரோலர் பேரிங் உள்ள கனெக்டிங் ராடும் சந்தையில் உண்டு. எண்ணெயைக் கவனிக்காமல் நெடுஞ்சாலையில் விரட்டுபவருக்கு அது பொருந்தும். நிதானமாக ஓட்டி, நேரத்துக்கு எண்ணெய் மாற்றுபவருக்குப் பழைய புஷ்ஷே பல்லாண்டு உழைக்கும்.

புஷ்ஷின் ஆயுள் முழுவதும் ஆயில் பம்பின் கையில் இருக்கிறது. பம்புகள் இரண்டு: ஒன்று எண்ணெயை அனுப்பும், மற்றொன்று தேங்கியதைத் திரும்ப இழுக்கும். தேய்ந்திருந்தால் முழு பம்பையும் மாற்றுவதே பலரின் வழக்கம். ஆனால் புதிய நகல் பம்புகளின் தட்டுகள் பெரும்பாலும் சரியாகத் தட்டையாக இருப்பதில்லை. தடித்த கண்ணாடியின் மேல் நுண்ணிய பாலீஷ் பசை தடவிப் பழைய தட்டையே எட்டு வடிவில் தேய்த்துத் தட்டையாக்கலாம். அரை மணி நேர வேலை, செலவும் ஒன்றுமில்லை. இது போன்ற இடங்களில்தான் புதிய பாகம் என்ற சொல்லுக்குப் பலர் தேவையில்லாமல் மயங்குகிறார்கள்.

பிஸ்டன் கதை வேறு. சிலிண்டரின் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் இரு திசைகளில் அளக்க வேண்டும். பிஸ்டன் முன்னும் பின்னுமாகவே அழுந்துவதால் சிலிண்டர் வட்டமாகத் தேயாமல் முட்டை வடிவமாகத் தேயும். தேய்மானம் மிகுந்தால் சிலிண்டரைப் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். இங்கே வரிசை முக்கியம்: முதலில் பிஸ்டனை வாங்கி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போக வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பி முன்கூட்டியே போர் போட்டு வைத்தால், பிறகு வரும் பிஸ்டன் இறுகலாம், ஆடலாம். ஒரே அளவு என்று விற்கப்படும் இரு நிறுவன பிஸ்டன்களுக்கிடையே முடியளவு வித்தியாசம் இருக்கும். அந்த முடியளவுதான் சிலிண்டருக்குள் பிஸ்டனுக்குத் தேவையான இடைவெளியே.

போர் போட்டுத் திரும்பிய சிலிண்டரை மண்ணெண்ணெயில் கழுவினால் மட்டும் போதாது. தேய்ப்புக்கல்லின் தூள் உலோகத்தின் நுண்கீறல்களில் ஒளிந்திருக்கும். சூடான சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி கறுக்காத வரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். உடனே உலர்த்தி எண்ணெய் தடவாவிட்டால் வார்ப்பிரும்பு சில நிமிடங்களில் துருவேறும். ரிங்குகளை ஒவ்வொன்றாகச் சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி, முனைகளுக்கிடையே உள்ள இடைவெளியைப் பீலர் கேஜால் பார்க்க வேண்டும். 70 மி.மீ. சிலிண்டரில் அது 0.3 மி.மீ.க்குக் குறைந்தால், சூடேறியதும் முனைகள் முட்டி ரிங் உடையும். குறைவாக இருந்தால் முனையை மெல்ல அரம் போட்டுச் சரிசெய்யலாம்.

வால்வு வேலையை வீட்டிலேயே செய்யலாம். வால்வின் விளிம்பில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, அதன் இருக்கையில் வைத்து இப்படியும் அப்படியும் சுழற்றினால் சாம்பல் நிறத்தில் ஒரே சீரான வளையம் தெரியும். பிறகு பேஸ்ட்டை முற்றிலும் துடைத்து, ஸ்பிரிங்கைப் பூட்டி, ஹெட்டின் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்க்க வேண்டும். சற்று நேரத்துக்கு ஒரு சொட்டும் கசியாவிட்டால் வேலை முடிந்தது. வால்வு கைடு தேய்ந்து வால்வு பக்கவாட்டில் ஆடினால் இந்தச் சோதனையெல்லாம் வீண். கைடையும் இருக்கையையும் இயந்திரத்தில் வெட்டிச் சரிசெய்ய வேண்டும்.

ஆல்பியன் நிறுவன வடிவமைப்பில் வந்த கியர்பாக்ஸ் முரட்டுத்தனம் கொண்டது. பெரும்பாலும் புஷ், ஆயில் சீல், கிக்கர் ஸ்பிரிங் ஆகியவற்றோடு அதன் தேவை முடிந்துவிடும். கியர் நடுவில் நழுவினால் உடனே பல்சக்கரங்களை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டியதில்லை. வெளி மூடிக்குள் கியர் மாற்றும் தட்டின் இரு போல்ட்டுகளைத் தளர்த்தி இடம் சரிசெய்தாலே பல பெட்டிகள் ஒழுங்காகிவிடும்.

பாகம் வாங்கும் கலை

சென்னையில் பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை, புதியவற்றுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. டெல்லியில் கரோல் பாக். ஊர்ப்புறங்களில் காயலான் கடைகள். கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம். அந்தக் காலத்திலேயே கம்பெனி தயாரித்து விற்காமல் கிடங்கில் கிடந்த பழைய புதுச்சரக்கு, கம்பெனிக்குச் சப்ளை செய்த நிறுவனங்கள் தங்கள் பெயரிலேயே விற்பது, பெயரற்ற நகல், வேறொரு வண்டியிலிருந்து கழற்றியது. முதல் வகை அரிது, விலை கூடுதல், போலிப் பெட்டிகளும் நிறைய. நான்காவது வகையைப் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். ஆனால் மட்கார்டு, ஹெட்லைட் உறை, டூல் பாக்ஸ் போன்ற தகரப் பாகங்களில், நசுங்கிய அசலைத் தட்டி நிமிர்த்துவது, நேராகத் தெரியும் நகலைவிட எப்போதும் நல்லது. நகலின் தகரம் மெல்லியது, துளைகள் இடம் மாறியிருக்கும், வளைவு அசலின் வளைவாக இருக்காது. வண்டியைப் பார்த்தவுடன் ‘ஏதோ சரியில்லை’ என்று தோன்றுவதற்கு இந்த வளைவே காரணம்.

எந்த நகல் பாகத்தையும் பாதி முடிந்த பொருளாகக் கருதிக்கொள்வது பாதுகாப்பு. பூட்டுவதற்கு முன் பழையதோடு பக்கத்தில் வைத்து வெர்னியரால் அளக்க வேண்டும். ஓரப் பிசிறுகளை அரத்தால் தேய்க்க வேண்டும். எண்ணெய்த் துளைகளில் வார்ப்பு மணல் அடைத்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். கிளட்ச் கேபிள் இரண்டு அங்குலம் நீளமாக இருக்கலாம். கேஸ்கெட்டின் எண்ணெய்த் துளை கேஸின் துளையோடு பொருந்தாமல் பாதி அடைத்துக்கொள்ளலாம். அது இன்ஜினையே காவு வாங்கும். தடித்த ஆயில் பேப்பர் வாங்கி, கேஸின் மேல் வைத்து, சிறு சுத்தியலால் ஓரம் தட்டி வெட்டிக்கொள்ளும் கேஸ்கெட் இந்தச் சந்தைப் பொருளைவிட நம்பகமானது.

தயங்காமல் புதியது வாங்க வேண்டியவையும் உண்டு. டயர், டியூப், பிரேக் ஷூ, செயின், ஆயில் சீல், பெட்ரோல் குழாய், எல்லாக் கேபிள்களும் இதில் சேரும். பேரிங்குகள் எஸ்.கே.எப். போன்ற நிறுவனங்களின் பொதுவான எண்ணிலேயே கிடைக்கும். பழைய பேரிங்கின் ஓரத்தில் உள்ள எண்ணைப் படித்து பேரிங் கடையிலேயே வாங்கிவிடலாம். ‘புல்லட் பேரிங்’ என்று கேட்கவே தேவையில்லை.

தகரமும் வண்ணமும்

டேங்கின் உட்புறத் துரு கார்புரேட்டருக்கு எமன். டேங்கில் கைப்பிடியளவு சிறு நட்டுகளையும் சோப்பு நீரையும் போட்டு நன்றாகக் குலுக்கினால் உதிரும் துரு வந்துவிடும். ஒட்டியிருப்பதற்கு பாஸ்பாரிக் அமிலக் கரைசல், அல்லது சலவைச் சோடா கரைத்த நீரில் பேட்டரி சார்ஜரைக் கொண்டு மின்பகுப்பு. மின்பகுப்பில் டேங்கைத் தொடாமல் நடுவில் தொங்கும் கம்பி சாதாரண இரும்பாக இருக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மை கொண்ட குரோமியம் சேர்மங்கள் நீரில் கலக்கும். இந்த வேலையில் ஹைட்ரஜன் வாயு வெளியாவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பெட்ரோல் வாடை துளியும் இருக்கக் கூடாது.

குரோம் முலாம், கிராங்க் வேலைபோல, வெளியே கொடுக்க வேண்டியது. செம்பு, நிக்கல், குரோமியம் என்று படிப்படியாக ஏறும் முலாமில் கடைசி அடுக்கு மிக மெல்லியது. பளபளப்பு முழுதும் அடியில் இருக்கும் உலோகத்தின் மெருகைப் பொறுத்தது. மலிவாகச் செய்பவர்கள் செம்பை விட்டுவிடுவார்கள். அடுத்த மழைக்காலத்தில் சக்கர விளிம்பில் பொடிப்பொடியாகத் துரு எட்டிப் பார்க்கும். அசல் ரிம்மில் மங்கலான குரோம் முழுதாக இருந்தால் அதைத் துடைத்து அப்படியே விடுவதே மேல்.

பெயின்ட்டுக்கு முன் டிங்கர் வேலையும் பட்டியும். பட்டி பள்ளத்தை நிரப்புவதற்கு அல்ல, தட்டி நிமிர்த்திய தகரத்தின் நுண்மேடுகளை மறைப்பதற்கு. தடித்துப் பூசிய பட்டி ஒற்றை சிலிண்டரின் அதிர்வில் வெடித்து வரும். இரண்டு கலவைகள் சேர்த்து அடிக்கும் பி.யூ. பெயின்ட்டின் கடினமாக்கியில் ஐசோசயனேட் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது. வீட்டு வராண்டாவில் அதை அடிக்கக் கூடாது. பிரேமுக்குப் பவுடர் கோட்டிங் செய்வோர் பேரிங் உட்காரும் இடங்களையும் மரைகளையும் மறைத்துக் கொடுக்கச் சொல்ல வேண்டும். சேஸிஸ் எண் தடித்த பூச்சுக்கு அடியில் மறைந்தால் ஆர்.டி.ஓ. ஆய்வில் சங்கடம். டேங்கின் பொன்னிறக் கோடுகளைக் கையால் தீட்டுவது இந்த வண்டியின் மரபு. தொழிற்சாலையிலேயே அப்படித்தான் தீட்டினார்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் கோடு ஒரே தடிமனாக இருக்கும். கைக்கோட்டில் தெரியும் மெல்லிய ஏற்றஇறக்கம்தான் அசலின் அடையாளம்.

சக்கரம் 19 அங்குலம், 40 ஸ்போக்ஸ் கம்பி. கம்பி கட்டி பெண்டு எடுப்பது பொறுமை இருந்தால் வீட்டில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. போர்க்கையே தாங்கியாக வைத்து, ஒரு கம்பியை விளிம்பருகே கட்டிவிட்டுச் சுழற்றினால் எங்கே ஆடுகிறது என்று தெரிந்துவிடும். பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச் பிளேட்டிலும் கல்நார் இருக்கக்கூடும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

மின்சாரமும் பெட்ரோலும்

ஓடாத பழைய வண்டிகளில் பாதிக்குமேல் மின்சாரத்தில்தான் பழுது. ஒயர்களின் காப்புறை வெடித்து, இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். ஒட்டுப்போட்டு ஓட்டுவதைவிட, வண்டியின் ஆண்டுக்குரிய புதிய ஒயரிங் செட் வாங்கிவிடுவது நல்லது. இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. பேட்டரி மாட்டுவதற்கு முன் எந்த முனை பிரேமோடு இணைகிறது என்று படத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய பிரிட்டிஷ் மின்னமைப்புகளில் பாசிட்டிவ் முனையை எர்த் செய்வது வழக்கமாக இருந்தது. புதிதாக பெயின்ட் அடித்த பிரேமில் எர்த் ஒயர் படும் இடத்தைச் சுரண்டிவிட மறப்பதால், பழுதே இல்லாத வண்டியில் பழுது தேடி அலைபவர்கள் பலர்.

இக்னிஷன் பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. டாப்பெட் சரிபார்ப்பது இன்னும் எளிது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டனைக் கம்ப்ரஷனின் உச்சிக்குக் கொண்டுவந்து, வலப்பக்கச் சிறு மூடியைத் திறந்தால் புஷ் ராடுகளின் அடிமுனை தெரியும். விரலால் சுழற்றினால் ராடு இலகுவாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பீலர் கேஜ்கூடத் தேவையில்லை.

பிற்காலப் புல்லட்டுகளில் இருப்பது மிக்கார்ப் வி.எம். 24 கார்புரேட்டர். ஜெட் துளைகளை நைலான் நூலால் குத்தலாம். ஊசியோ இரும்புக் கம்பியோ போட்டால் துளை பெரிதாகி எரிபொருள் அளவு குலைந்துவிடும். சிலைடு தேய்ந்திருந்தால் எவ்வளவு திருகினாலும் ஐட்லிங் நிற்காது. அப்போது மட்டும் புதியது வாங்க வேண்டும். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கார்க்கையும் ஊறவைத்துக் கெடுக்கும். அதற்குத் தாங்கும் குழாயும் வாஷர்களும் போட்டு, வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டரில் உள்ளதை வடித்துவிட வேண்டும்.

முதல் உதை

எல்லாம் பூட்டி, 20டபிள்யூ-50 எண்ணெய் ஊற்றியவுடன் ஸ்டார்ட் செய்யக் கூடாது. பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரைப் பலமுறை மிதித்தால், திரும்பும் எண்ணெய் கிராங்க்கேஸ் அறையின் வாயருகே வரத் தொடங்கும். பம்ப் வேலை செய்வதற்கு அதுவே சாட்சி. அதன்பின் பிளக்கை மாட்டி, சாவியைத் திருப்பி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். முள் நடுவில் நிற்பது பாயிண்ட் திறந்துவிட்டதைக் காட்டும். டிகம்ப்ரஸர் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு பிஸ்டனை உச்சியிலிருந்து சற்றே தாண்டவிட்டு, நெம்புகோலை விட்டு, முழு நீளத்துக்கு ஒரே மிதி. பலத்தைக் காட்டி அவசரமாக மிதிப்பவரின் கணுக்காலைக் கிக்கர் திருப்பி அடிக்கும். முதல் சில நிமிடங்கள் புகை வருவது, பூட்டும்போது தடவிய எண்ணெய் எரிவதால்.

முதல் 500 கிலோமீட்டர் வரை வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டாமலும், மேட்டில் இன்ஜினைத் திணறவிடாமலும், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமலும் இருக்க வேண்டும். புது ரிங்குகள் சிலிண்டரோடு உட்காருவது இந்தக் கட்டத்தில்தான். நூறு கிலோமீட்டருக்குள்ளாகவே முதல் எண்ணெயை வடித்துவிடுவது நல்லது. அதில் மின்னும் உலோகத் துகள் கொஞ்சம் இருக்கும், துண்டுகள் இருக்கக் கூடாது. இன்ஜின் முழுதாகக் குளிர்ந்தபின் ஹெட் நட்டுகளைக் குறுக்காக, ஒரே இறுக்கத்துக்கு மறுபடி இறுக்க வேண்டும். ஹெட் சற்று அமர்வதால் டாப்பெட் இடைவெளியும் மாறியிருக்கும். ஸ்போக்ஸ் கம்பிகள், செயின், கிளட்ச் கேபிள், இன்ஜினைப் பிரேமோடு பிணைக்கும் போல்ட்டுகள் எல்லாம் முதல் சில வாரங்களில் தளர்பவை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனை வெளிர் பழுப்பாக இருக்க வேண்டும். கரிபிடித்துக் கறுத்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் குறைவு. கழற்றி வைத்த அசல் பாகங்களைப் பெயர் எழுதிப் பெட்டியில் வைத்திருப்பது நல்லது. நகல் கண்டென்சரோ பாயிண்டோ வழியில் கைவிட்டால் பழையதை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.